முதலிடத்தில் தண்ணீர்

தண்ணீர் தீங்கில்லாதது என்று உலகம் நெடுங்காலமாக நம்பிவருகிறது. தவறு. நச்சுப்பொருள் தகவல் மையத்தின் ஆபத்துப் பட்டியலில் அன்று முதலிடமே தண்ணீருக்குத்தான்.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தண்ணீரேதான்.

"என்னம்மா கூத்து இது?" என்றார், தகவல் பிரிவுப் பெண்ணிடம்.

"நீங்க போட்ட விதி சார். எதைப் பத்திப் புகார் அதிகமோ, அதுக்கு ஆபத்தும் அதிகம். முழுகினவங்க, வழுக்கினவங்க, வெந்நீர் கொட்டிக்கிட்டவங்கன்னு எல்லாத் துறையிலயும் கேட்டு வாங்கி ஏத்திட்டேன்."

"வேற வேலையே இல்லையா உனக்கு? சரி, கடைசியில என்ன?"

"செருப்புக் கம்பெனியோட புதுப் பசை. யாரும் சோதிக்கல, புகார்க் கட்டம் காலி. காலின்னா பூஜ்யம், பூஜ்யம்னா பாதுகாப்பு. நாளைக்கு அனுமதி." அவள் குரல் இறங்கியது. "என் தங்கச்சி அங்கதான் ஒட்டுறா சார். ஒட்டுதான்னு பாக்கக் கொஞ்சம் பூசினதுக்கே மயங்கி விழுந்துட்டா."

"அது சுகாதாரத் துறை விஷயம். அவங்க பதிவு பண்ணினாத்தான் நாம ஆபத்துன்னு சொல்ல முடியும்."

"நாம ஆபத்துன்னு சொன்னாத்தான் அவங்க பதிவு பண்ணுவாங்களாம்."

"அப்புறமென்ன? விதின்னா விதி."

முதலிடத்துப் பொருளை அன்றே பூட்டிவைக்க வேண்டும் என்பதும் அவர் விதிதான். முன்மாதிரியாக, மையத்தின் சொந்தக் கட்டடத்தில் தொடங்க வேண்டும்.

மதியம் சாப்பிட்டு முடித்து, முழங்கை வரை சோப்பு போட்டுக்கொண்ட இயக்குநர் குழாயைத் திருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது.

நுரையோடு ஓடிவந்தார். "தண்ணியத் திறக்கச் சொல்லு!"

"முதலிடத்துல இருக்கே சார். விதின்னா..."

"விதியை மாத்தித் தொலை!"

"காலிக் கட்டத்துக்குப் பூஜ்யம் வேணாம் சார். 'தெரியாது'ன்னு போட்டு, தெரியாததைத் தூக்கி முதல்ல வெச்சா, தண்ணி தானா கீழ இறங்கிடும்."

"மேல யாரு வருவா?"

"பசை. சோதிச்சு முடிக்கிறவரைக்கும் அதை யாரும் தொட முடியாது."

"என்னத்தையோ பண்ணு, கை காயுது!"

ஆணை ஏற்கெனவே தட்டச்சாகித் தயாராக இருந்தது. இயக்குநர் நுரைக் கையாலேயே கையெழுத்துப் போட்டார்.

"சீக்கிரம் பிளம்பரக் கூப்பிடும்மா."

"அவர் எதுக்கு சார்?" என்று எழுந்தவள், தன் கைப்பையிலிருந்து குழாய்ச் சாவியை வெளியே எடுத்தாள்.