நத்தாருக்கு நான்கு நாள்

லண்டன் மோர்டனில் அந்த வீட்டு மணியை அழுத்துமுன், புதிதாக வந்த பங்குத்தந்தை கையிலிருந்த பட்டியலை மறுபடி பார்த்தார். 'ஞானரட்ணம் குடும்பம். இயக்கத்துக்குக் காசு சேர்த்த வழக்கு, சிறை. நத்தாருக்கு நான்கு நாள் லீவு. இன்று கடைசி நாள்.'

கதவைத் திறந்தவர் ஞானரட்ணம். மெலிந்து, தலை குனிந்து நின்றார். ஃபாதருக்கு நெஞ்சு இளகிவிட்டது.

உள்ளே மனைவி இம்மாகுலேற் கிறிஸ்மஸ் கேக் வெட்டிக் கொடுத்தார். பிறகு கத்தியைக் கழுவி, மேசை லாச்சியில் இருந்த மற்றக் கத்திகளோடு சேர்த்து எண்ணி வைத்தார்.

"இஞ்சருங்கோ, எட்டு மணிக்குப் பிறகு வெளியிலை போகக்கூடாது. ஆர் வந்தாலும் பேரை எழுதி வையுங்கோ."

"ஓம்" என்றார் ஞானரட்ணம்.

பாவம், வீட்டிலும் இந்த மனுசனுக்குச் சிறைதான் என்று நினைத்த ஃபாதர், அவருடைய தோளில் கை வைத்தார்.

"மனந்தளராதேங்கோ. கெதியா விடுதலை கிடைக்கோணும் எண்டு ஒவ்வொரு நாளும் பூசையிலை செபிக்கிறன்."

ஞானரட்ணம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் கார் ஹோர்ன் கேட்டது.

இம்மாகுலேற் பையைத் தூக்கினார். "நாலு மணிக்கு முதல் நான் ஜெயிலுக்குள்ளை நிக்கோணும், ஃபாதர். இன்னும் எட்டு மாதம் கிடக்கு. இவரைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ."

ஃபாதர் பட்டியலைத் திரும்பப் பார்த்தார். அதில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் இருந்தது.

கார் மறைந்ததும் ஞானரட்ணம் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"ஃபாதர், அந்தச் செபம்..."

"சொல்லுங்கோ."

"ஒவ்வொரு நாளும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையிலை மட்டும் செய்தாப் போதும்."