சனிக்கிழமை மருந்து

அந்த ஆள் இன்றைக்கும் ஏமாற்றத்தான் வந்திருக்கிறார் என்பதில் அபினாவுக்குச் சந்தேகமே இல்லை. முதுகில் தெளிப்பானோடு செம்பருத்தியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார் தக்கலை நர்சரிக்காரர் ஜெபதாஸ்.

"இலைக்கு அடியில அப்பியிருக்கு, பாத்தியளா டீச்சர்? மாவுப்பூச்சி லேசுல போகாது."

"போகாதுல்லா," என்று தலையாட்டினாள் அவள் அம்மா லீலாபாய் டீச்சர். அப்பா போன இந்த ஆறு வருடத்தில் அம்மா யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவளாகிவிட்டாள்.

நான்கு மாதமாக நடக்கும் இந்த மருந்தடிப்பை, மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்த அபினா இதோடு நான்கு சனிக்கிழமை பார்த்துவிட்டாள். அவர் அடித்ததும் வெள்ளை போய்விடும். அடுத்த சனிக்கிழமை செடி மறுபடியும் வெளுத்து நிற்கும். தொட்டுப் பார்க்க அவளுக்கு அருவருப்பு. மாவுப்பூச்சி இருந்தால் எறும்பு ஏறும் என்று போனில் படித்திருந்தாள். இந்தச் செடியில் ஓர் எறும்பைக்கூடக் காணோம்.

"ஏட்டி, கோட்டாறு வரைக்கும் போயி பவுடர் டப்பா ஒண்ணு வாங்கீட்டு வா. தீந்து போச்சு," என்றாள் அம்மா.

"போன வாரம்தானம்மா வாங்குனேன்?"

"வெயிலுல்லா."

அபினா போகவில்லை. திங்கட்கிழமை அவளுக்கு விமானம். இந்த ஆளின் வருகையை நிறுத்தாமல் அம்மாவைத் தனியே விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

ஜெபதாஸ் தெளிப்பானை இறக்கி வைத்துவிட்டுக் காபிக்கு உட்கார்ந்தார். அபினா அதன் மூடியைத் திறந்து விரலை விட்டு முகர்ந்தாள். வேப்பெண்ணெய் வாசனை இல்லை. சோப்பு வழுவழுப்பும் இல்லை.

நேராக அவர் முன்னால் போய் நின்றாள். "அண்ணாச்சி, இது வெறும் தண்ணிதானே?"

ஜெபதாஸ் டம்ளரைக் கீழே வைத்தார். "தண்ணிதான்."

"தண்ணியா?" லீலாபாயின் குரல் உள்ளே போய்விட்டது. "நாலு மாசமாவா?"

"கேட்டியாம்மா? இதுக்குத்தான் வாரம் தவறாம பலகாரம் சுட்டு வச்சுக் காத்திருந்தியா?" அபினா அவர் பக்கம் திரும்பினாள். "இனி இந்தப் படி ஏறாதீங்க. மருந்தே அடிக்காம என்னத்துக்கு இங்க வந்துட்டுப் போறீங்க?"

ஜெபதாஸ் தலை குனிந்தார். காது மடல் வரை சிவந்துவிட்டது. பிறகு ஓரக்கண்ணால் டீச்சரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"பவுடருக்கு என்னத்துக்கு மக்கா மருந்து?"