வாசலில் நாலு கோடு

ஜெயபாண்டி பேசிக்கொண்டிருக்கும்போதே வீடியோ மீட்டிங் திரையில் அவன் முகம் திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டது. சென்னை ஆபீசில் பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் துண்டு துண்டாகாமல் தெளிவாகக் கேட்டது.

“திங்கட்கிழமையும் இப்படித்தான்னா நீங்க இங்கேயே வந்துடுங்க ஜெயபாண்டி. வீட்ல இருந்து வேலை பார்க்கறது சரிப்பட்டு வராது” என்றார் மேனேஜர்.

மனைவி பாண்டிமீனாவுக்கு எட்டாவது மாதம். அலைச்சலே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த நேரத்தில் அவளை அச்சங்குளத்தில் விட்டுவிட்டு எங்கே போவது? போகாவிட்டால் வேலை போய்விடும்.

கோபம் மொத்தமும் மாரிக்கண்ணன் மேல் திரும்பியது. வைஃபை மாட்டிவிட்டுப் போனவன். ரெண்டு மாசத்தில் நாலு தடவை வந்துவிட்டான். ரூட்டரை அணைத்துப் போட்டான், வயரை மாற்றினான், பாஸ்வேர்டை மாற்றினான். கடைசியில் வாசலில் நின்றபடியே, “உள்ள போய் போன்ல சிக்னல் எத்தனை கோடு காட்டுதுன்னு பாத்துச் சொல்லுங்க சார்” என்பான்.

வாசலில் நாலு கோடு. உள் அறையில் ஒன்று. அதுவும் வருவேனா மாட்டேனா என்று இழுக்கும்.

ஜெயபாண்டி இன்டர்நெட் கம்பெனி நடத்தும் ஊர்க்காவலனுக்குப் போன் போட்டான்.

“என்ன அண்ணாச்சி ஆளு வச்சிருக்கீக? நாலு தடவை வந்தான். ஒரு தடவையாவது கம்ப்யூட்டர் இருக்கிற ரூமை எட்டிப் பாத்திருப்பானா? அவன் வாசல்ல நிப்பானாம், நான் உள்ளுக்கும் வெளியிலயும் நடந்து கோடு எண்ணிச் சொல்லணுமாம். அம்புட்டுச் சோம்பேறித்தனம். எனக்கு வேலையே போகப் போகுது. அந்த ஆளு இனி எங்க வீட்டுப் பக்கம் வரக் கூடாது.”

ஊர்க்காவலன் சாத்தூரிலிருந்து தானே பைக்கில் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாண்டிமீனா கொடுத்த மோரைக் குடித்தார். நேரே உள் அறைக்குப் போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“ரூட்டர் எங்கன இருக்கு தம்பி?”

“வெளிய, வாசக்கதவுக்கு மேல.”

“கம்ப்யூட்டர் இங்க. நடுவுல ரெண்டு கல்லுச்சுவரு, போதாததுக்கு ஒரு இரும்பு பீரோ. சிக்னல் எந்த வழியா வரும்? நடுக்கூடத்துல மாட்டணும்னு சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே.”

பத்து நிமிஷத்தில் ரூட்டர் கூடத்துக்கு வந்தது. உள் அறையில் நாலு கோடு. ஜெயபாண்டிக்கு உயிர் வந்தது.

ஊர்க்காவலனுக்குத்தான் ஆறவில்லை. மாரிக்கண்ணனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏலே, அச்சங்குளத்து வீட்ல ரூட்டரை எதுக்குலே வாசல்ல மாட்டுன? நாலு தடவை போயும் உள்ள போய்ப் பாக்கலையாமே?”



“சார் பக்கத்துல இருக்காகளா அண்ணாச்சி?”

“இருக்காக. கேட்டதுக்குப் பதிலைச் சொல்லு.”

“என் தப்புதான் அண்ணாச்சி. இடம் பாக்காம மாட்டிட்டேன். சார்கிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லிருங்க.”

ஜெயபாண்டிக்கு முகம் சுட்டது. நிமிர்ந்தால் எதிரே பாண்டிமீனா. மாரிக்கண்ணன் முதல் முதலாக வந்த அன்றைக்கும் அவள் இங்கேதான் நின்றிருந்தாள். இப்போது அவனையே பார்த்தாள். அவளைப் பார்க்கக் கூசி அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஊர்க்காவலன் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

“கேட்டீகளா, அவனே ஒத்துக்கிட்டான். பட்டாசுக் கம்பெனியில மருந்து கலந்துக்கிட்டிருந்த பய தம்பி. அவன் அண்ணன் அங்க வெடி விபத்துல போனதும், இவனையாவது வேற வேலையில சேத்து விடுங்கன்னு அவுக ஆத்தா வந்து அழுதுச்சு. பாவம்னு சேத்தேன். பழையபடி மருந்துக்கே போகட்டும். நாளையில இருந்து நிப்பாட்டிருதேன். உங்களுக்குத் திருப்திதான?”

ஜெயபாண்டி மனசுக்குள் கணக்குப் போட்டான். இப்படியே சும்மா இருந்தால் போதும். வைஃபை வந்துவிட்டது, வேலை தப்பித்தது. ஊர்க்காவலன் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். மாரிக்கண்ணனும் வந்து கேட்கப் போவதில்லை. அவன்தான் எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டானே.

அதுதான் தாங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டார் ஊர்க்காவலன். ஜெயபாண்டி வேகமாக வெளியே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தான்.

“அவரை நிப்பாட்டாதீக அண்ணாச்சி.”

“ஏன், நீங்கதான தம்பி போன்ல அப்படிக் கத்துனீக?”

“மாட்ட வந்த அன்னைக்கு, எந்த ஊரு, எந்தத் தெருன்னு அவர்கிட்ட விசாரிச்சேன். சொன்னாரு.” ஜெயபாண்டி ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்தான். “கேட்டுட்டு, ‘வாசப்படி தாண்ட வேண்டாம், இங்கனயே மாட்டிருங்க’ன்னு சொன்னது நான்தான்.”