பீங்கான் மட்டும்

தட்டைக் கையில் பிடித்தபடி அவர் பின்வாசல் படியில் நின்றார்.

வெள்ளைப் பீங்கான் தட்டு. பழைய சாமான் கடையில் இதற்காகவே வாங்கியது.

நாளை மகள் ஹெல்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ரேமண்ட் உள்ளே அவளோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

ஜெர்மனியில் அவர் பிறந்த ஊரில் கல்யாணத்துக்கு முந்தைய மாலை தெருவே பெண் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். தட்டு, கிண்ணம், மூக்குடைந்த தேநீர்ச் சாடி என்று கொண்டுவந்து உடைப்பார்கள். உடைந்ததைப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து பெருக்கி அள்ள வேண்டும். அப்படி அள்ளினால்தான் குடும்பம் விளங்குமாம்.

அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் இது ஹெல்காவின் கல்யாணம்.

ஒரே ஒரு தட்டு போதும். உடைத்துவிட்டால் மனசு ஆறிவிடும்.

ஆனால் சிகாகோவில் இந்த மாதிரி அடுக்குமாடிக் கட்டடங்களில் எல்லாச் சமையலறையும் பின்பக்க மரப்படிகளைப் பார்த்துத்தான் திறக்கும். ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

இந்தக் கட்டடத்தில் உள்ளவர்களுக்கு அவர் ஜெர்மன்காரர் இல்லை. சுவிஸ்காரர்.

குடிவந்த புதிதில் மாடிவீட்டு ஸ்தெபானியா எந்த நாடு என்று கேட்டாள். அவள் போலந்துக்காரி. ஜெர்மனியோடு நடந்த போரில் தம்பியைப் பறிகொடுத்தவள் என்று யாரோ அவரிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். வாய் தானாகவே சுவிட்சர்லாந்து என்றது.

அன்றிலிருந்து அந்தப் பொய்யோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மலையேறுவீர்களா என்று கேட்பவர்களிடமெல்லாம் முழங்கால் வலி என்று சமாளித்தார். வீட்டுக்கு வெளியே மகளோடு ஜெர்மனில் பேசுவதில்லை. சுவிஸ்காரர்களிலும் பலர் ஜெர்மன் பேசுகிறவர்கள்தான். பயம் அதையெல்லாம் யோசிக்குமா?

அவர் மனைவி கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது நாள் தவறாமல் சூப் கொண்டுவந்தவள் ஸ்தெபானியா. அந்த முகம் மாறிவிட்டால் அவரால் தாங்க முடியாது.

தட்டைப் பார்த்தார்.

யாராவது கேட்டால் கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

விட்டார்.

இத்தனை சத்தம் வரும் என்று அவர் நினைக்கவில்லை.

மேலே கதவு திறந்தது. படியில் செருப்புச் சத்தம்.

குனிந்து அவசர அவசரமாகத் துண்டுகளைப் பொறுக்கினார். கை தவறிவிட்டது என்று நிமிராமலேயே சொன்னார். விரலைக் கீறியதுகூடத் தெரியவில்லை.

"அதைத் தொடாதீங்க," என்றாள் ஸ்தெபானியா. "பொண்ணும் மாப்பிள்ளையும்தான் பெருக்கணும்."

அவர் பொறுக்கிய துண்டுகளைத் திரும்பத் தரையில் வைத்தார்.

அவள் இரண்டு படி மேலேயே உட்கார்ந்துகொண்டாள். தன் ஊரான போஸ்னானில் தங்களுக்கும் இந்த வழக்கம் உண்டு என்றாள். எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் அவளும் தம்பியும் முதல் ஆளாகப் போய் உடைப்பார்களாம்.

அவருக்கு வெட்கமாக இருந்தது.

அவர் சுவிஸ்காரர் இல்லை என்று குடிவந்த முதல் கிறிஸ்துமஸின்போதே தனக்குத் தெரியும் என்றாள்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்."

சமையலறைக் கதவு திறந்தது. யார் விழுந்தது என்று ரேமண்ட் பதறினான். கையில் துடைப்பத்தோடு வந்த ஹெல்கா தரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அவளுக்கு இந்த வழக்கத்தைச் சொல்லியிருந்தாள் போலும்.

பெருக்கப் போனவளை ஸ்தெபானியா கைகாட்டி நிறுத்தினாள். வரும்போதே ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்த ஒரு காலி பீர் பாட்டிலை எடுத்தாள். எழுந்து கையை ஓங்கினாள்.

"கண்ணாடி வேண்டாம்," என்றார் அவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல பீங்கான் மட்டும்தான். கண்ணாடி உடைஞ்சா ஆகாது."

சொன்ன பிறகுதான் எங்க ஊர் என்று சொல்லிவிட்டது உறைத்தது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்துதான் கிடந்தன.

போஸ்னானில் பாட்டில் உடையாமல் கல்யாணமே கிடையாது என்றாள் அவள். கை இன்னும் ஓங்கியபடியே இருந்தது. இப்படிச் சட்டம் பேசுகிற ஊர் எது என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து நின்றார்.

"பிரெமென்," என்றார். "ஜெர்மனி."

ஸ்தெபானியா கையை இறக்கினாள். பாட்டிலை மறுபடி ஏப்ரன் பைக்குள் செருகிக்கொண்டாள். கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக மேலே ஏறினாள். அவர் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கதவைச் சாத்தவில்லை.

உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, தட்டுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம்.