காலியாக விட்ட சுற்று

நான்கு பேர் வாசித்த பதிவில் ஐந்தாவதாக ஒரு கால் தரையைத் தட்டித் தாளம் போட்டது. அது யாருடையது என்று அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஒலிப்பதிவாளர் ராய்ஸுக்குப் புரியவில்லை. வாசிக்கும்போது கால் தட்டுவது அயர்லாந்துக்காரர்களின் பழக்கம்தான் என்று நால்வரின் காலணிகளையும் கழற்ற வைத்தார். கம்பளமும் விரித்தார். அப்படியும் தட்டல் நிற்கவில்லை.

அயர்லாந்து மெட்டையும், அமெரிக்க நாட்டுப்புற இசையான புளூகிராஸின் பாஞ்சோ நரம்பிசையையும் கலக்கும் இந்த ஆல்பமே அவருக்குக் கருவாட்டுக் குழம்பில் ஊற்றிய பாயசம். அயர்லாந்திலிருந்து வந்து ஃபிடில் என்னும் வயலின் வாசிக்கும் நோரீன் நாளை விமானம் ஏறிவிடுவாள். இன்று முடியாவிட்டால் ஆல்பம் இல்லை.

"யம்மா நோரீன், ஊர்லேருந்து பேயையும் கூட்டிட்டு வந்துட்டியா?"

"எங்க ஊரு பேய்னா முறையெல்லாம் பாக்காது ராய்ஸ். நேரா வந்து கூடவே வாசிக்கும்."

புளூகிராஸில் எல்லோருக்கும் ஒரே மைக். தன் முறை வந்தவர் நெருங்குவார், முடித்தவர் பின்வாங்குவார். ஒலி கூடுவதும் குறைவதும் அந்த நடையால்தான். ராய்ஸ் பதிவை மறுபடி கேட்டார். ஒருவர் முடிக்கும்போதெல்லாம் தட்டல் மைக்கை நெருங்கியது. அடுத்தவர் வந்ததும் விலகிப்போனது.

"அட, இது நம்ம ஊரு ஆளு! உனக்கு வழிவிட்டு நிக்குது. உங்க கூட்டத்தவிட மரியாதை தெரிஞ்சது."

அடுத்த பதிவில் நால்வரும் தங்கள் முறையை முடித்துப் பின்வாங்கி, அந்த ஐந்தாவது ஆளுக்கென ஒரு சுற்றைக் காலியாக விட்டார்கள். அப்போது எந்த ஒலியும் இல்லை. ஒலிமானியின் முள் மட்டும் சுற்று முடியும்வரை ஆடியது. மீதிப் பாடல்களிலும் அப்படியே விட்டார்கள். தட்டல் அதன்பின் கேட்கவில்லை.