ஏழு மாத்திரைகள்

முகம்மது சலீம் மதியச் சாப்பாட்டு விரிப்பின் நடுவில் ஏழு மாத்திரைகளை வைத்தான். மாமனார் வீட்டில் அவனையும் சேர்த்து ஏழு பேர்.

தென்காசியிலிருந்து வடகரை வரும்வரை பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வசனம் மறந்துபோயிருந்தது.

சவூதியில் தம்மாமிலிருந்து மூன்று மாத விடுப்பில் வந்த மாப்பிள்ளை. இரண்டாம் மாதத்தில் ஆசனவாய் அரிக்க ஆரம்பித்தது. பகலெல்லாம் மரியாதையாக இருக்கும். படுக்கையில் சாய்ந்ததும் கச்சேரி.

மூலம் என்று அவனே முடிவு கட்டினான். ஆட்டுக்கறியை விட்டான். கேட்டவர்களிடம் கொலஸ்ட்ரால் என்றான். பிறகு சுத்தம் போதவில்லையோ என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை சோப்புப் போட்டான். அரிப்போடு எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

ஐந்தருவியில் எல்லோரும் தலையைக் காட்ட, இவன் மட்டும் குனிந்து வேறொன்றைக் காட்டினான். போலீஸ்காரர் விசில் ஊதி விரட்டும்வரை சுகமாகத்தான் இருந்தது.

இன்று காலை, ஊர்க்காரர் யாரும் போகாத டாக்டராகத் தேடிப் போனான். எத்தனை நாளாக, ராத்திரியில்தானா, வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா என்று அவர் மூன்றே கேள்வி கேட்டார். சோதித்துப் பார்த்துவிட்டு, கீரிப்பூச்சி என்றார்.

ராத்திரியில் அது குடலிலிருந்து வெளியே வந்து முட்டையிடுமாம், அதுதான் அரிப்பு. சொறிந்த நகத்திலிருந்து சோற்றுக்கு, சோற்றிலிருந்து அடுத்தவர் வயிற்றுக்கு. வீடு மொத்தமும் ஒரே நாளில் மாத்திரை போடாவிட்டால் சுற்றிச் சுற்றி வருமாம்.

சலீமுக்கு அங்கேதான் வியர்த்தது. மாமனார் வீட்டில் இதை எந்த வாயால் சொல்வது? சொன்னால் ஆயுசுக்கும் அரிப்பு மாப்பிள்ளை. சொல்லாவிட்டால் எட்டுப் பேர் படுக்கும் தம்மாம் அறைக்குப் பூச்சியும் விமானம் ஏறும்.

"ஆளுக்கு ஒண்ணு. சத்து மாத்திர" என்றான்.

என்ன சத்து என்று யாரும் கேட்கவில்லை.

தலைவலி மாத்திரைக்கே காலாவதித் தேதி, விலை, கடை எல்லாம் விசாரிக்கும் மாமனார் மசூது முதல் ஆளாக எடுத்து விழுங்கினார். மச்சான் நாசர் தண்ணீருக்குக்கூடக் காத்திருக்கவில்லை. மனைவி அதீபா இரண்டு பிள்ளைகளுக்கும் பொடித்துக் கொடுத்தாள், தானும் போட்டுக்கொண்டாள். அவனை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

சலீமும் தன்னுடையதை விழுங்கினான்.

மிச்சம் ஒன்று மாமியார் ஹைருன் பீவிக்கு. நிக்காஹ் முடிந்த இந்த எட்டு வருடத்தில் அவர் மாப்பிள்ளை முன்னால் வந்து நின்றதில்லை, நேராக ஒரு வார்த்தை பேசியதுமில்லை. எதுவானாலும் அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து மகளிடம் சொல்லிவிடுவதுதான் வழக்கம்.

இப்போது கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். முக்காட்டைச் சரிசெய்தபடி மாத்திரையை எடுத்துக்கொண்டார்.

"மாப்ள, பதினஞ்சு நாள் கழிச்சி இன்னொண்ணு போடணும், மறந்துராதிய. நான் மட்டும் தனியா போட்டுத்தான் மூணு தடவயும் திரும்ப வந்துட்டு."