பின்பாரம்

சந்தைக்குப் போகும்போதெல்லாம் சேலை மூட்டைகளுக்குக் காவலாக வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு வருபவள் அர்த்தனாரியின் மனைவி தெய்வநாயகி. அவள் இறந்த பிறகு, அர்த்தனாரி ராசிபுரத்து வீட்டைப் பூட்டிவிட்டான். இனி வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து, மோட்டார் பஸ் போகாத சந்தைகளுக்குப் போய் விற்பது என்று முடிவு. அதற்காக ஈசுவர வருஷம் ஆவணியில் நாமக்கல் ஆசாரி ஒருவரிடம் கூண்டு வண்டி பார்க்க வந்தான்.

அர்த்தனாரியை லேசில் ஏமாற்ற முடியாது. சக்கரத்தைக் கல்லால் தட்டிச் சத்தம் கேட்டான். கூண்டின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, உள்ளே மல்லாந்து படுத்துப் பார்த்தான். ஒழுகவில்லை.

கடைசியாக முன்பாரமும் பின்பாரமும் சமமா என்று பார்க்க வேண்டும். மாடு பூட்டாத வண்டியின் நுகத்தை ஆசாரி ஒற்றை விரலில் ஏந்திக் காட்டினார். வண்டி எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. பிறகு அர்த்தனாரி பிடித்தான். நுகம் அவன் கையை விட்டு மேலே எழும்பியது. வண்டியின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்தது.

"உள்ள யாருங்க ஏறுனது?" என்று ஆசாரி குனிந்து பார்த்தார். யாரும் இல்லை. மறுபடி அவர் பிடித்தார், சரியாக நின்றது. அவன் பிடித்தான், பின்பக்கம் இறங்கியது.

ஆசாரியின் முகம் சிறுத்துவிட்டது. "அச்சைக் கொஞ்சம் பின்னால தள்ளிப் போட்டுத் தாரேனுங்க. நாளைக்கு வாங்க."

"வேண்டாமுங்க ஆசாரி. இப்படியே இருக்கட்டும்."

தன் மாடுகளைப் பூட்டி, முன்னால் ஏறி உட்கார்ந்தான். வண்டி சமமாக நின்றது. பட்டறை வாசல் மேட்டில் சக்கரம் ஏறும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"கெட்டியாப் புடிச்சுக்க."